காற்பந்தில் தற்காப்பு: நம் பிள்ளைகளுக்குச் சில பாடங்கள்

சில மாதங்களுக்கு முன்னர், இரு தோட்டங்களின் சிறுவர்கள் மோதிய காற்பந்தாட்டம் ஒன்றைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. எல்லாரும் பன்னிரண்டு வயதிற்குட்பட்ட பிள்ளைகள். கோவில் திருவிழாவையொட்டி நடைபெற்ற ஆட்டமாதலால் திடலைச் சுற்றிலும் நல்ல கூட்டம். காலையில் மரம் சீவி, பால் நிறுத்து, வீடு திரும்பிச் சற்றே கண்ணயர்ந்த பெற்றோர் பலரும் மாலையில் திடலோரம் வந்து அமர்ந்திருந்தனர்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. இரு தரப்பும் ஆளுக்கொரு கோல் போட்டுச் சமநிலையில் இருந்தன. அப்பொழுது எதிரணிச் சிறுவன் ஒருவன் பந்தை உருட்டிக்கொண்டு ஓரமாக விரைந்து வந்தான். அவனை எதிர்கொள்ள நின்றவன் ஒரே ஒரு பையன்தான். ஒல்லியான உடல், அண்ணனுடையதாக இருக்க வேண்டும், முழங்காலுக்குக் கீழே தொங்கிய காற்சட்டை. "விடாதடா! அடிச்சுத் தூக்குடா!" என்று திடலோரத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. தொடர்ந்து பல குரல்கள் எழுந்தன. பையன் குரல் வந்த பக்கம் ஒரு கணம் திரும்பிப் பார்த்தான், பின்னர்ப் பாய்ந்தான். பந்து அவனைக் கடந்து சென்றுவிட்டது. அவன் கால் எதிரியின் முன்னங்காலில் பலமாக மோதியது. நடுவர் ஊதலை ஊதினார். மோதல் நிகழ்ந்த இடம் பெனால்டிக் கட்டத்திற்குள் இருந்தமையால் பெனால்டி உதை வழங்கப்பட்டது, பந்து கோலுக்குள் புகுந்தது, ஆட்டமும் முடிந்தது.

அடிபட்ட சிறுவனின் கால் கண்ணெதிரே வீங்கியது. அவனைக் காரில் ஏற்றிக் கிளினிக்கிற்குக் கொண்டு சென்றனர். எலும்பு முறியவில்லை என்ற செய்தி இரவில்தான் வந்தது. அதுவரை இரு தோட்டத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாய்ந்த பையனோ கோல் கம்பத்திற்குப் பின்னால் தனியே அமர்ந்திருந்தான். இளமையில் தோட்டக் குழுவில் 'பேக்' ஆடிய பெரியவர் ஒருவர் அவனருகே சென்று அமர்ந்தார்.

"ஏன்டா தம்பி, அப்படிப் பாயணும்னு யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார்.

"யாரும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல தாத்தா. அடின்னுதான் சொன்னாங்க" என்றான் அவன்.

அந்தப் பதில் நம் மனத்தை உறுத்தியது. பந்தை உதைக்கவும் கோல் போடவும் நம் பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்கின்றனர். தற்காப்பை எவரும் கற்பிப்பதில்லை. கற்பிக்காத ஒன்றைச் செய்யச் சொல்லி ஏவிவிட்டுப் பிறகு அவர்களையே பழிக்கிறோம். ஆகவே, இளம் ஆட்டக்காரரும் அவர்தம் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய விதிகளையும், தற்காப்பின் அடிப்படைத் திறன்களையும் இங்கே விளக்க முற்படுகிறோம்.

பின்வரிசை யாருக்கு?

நமது தோட்டத் திடல்களில் குழு பிரிக்கும் வழக்கத்தை அனைவரும் அறிவர். வேகமாக ஓடுபவன் முன்வரிசைக்குச் செல்வான். பந்துக்குச் சொந்தக்காரன் தான் விரும்பிய இடத்தில் நிற்பான். எஞ்சியவன் பின்வரிசைக்கு, அதிலும் எஞ்சியவன் கோல் காவலுக்கு. இவ்வாறு நிறுத்தப்படும் சிறுவன், தான் ஆட்டத்திற்கு உதவாதவன் என்றே எண்ணிக்கொள்கிறான்.

நமது நாட்டுக் காற்பந்து வரலாறோ வேறு விதமாகக் கூறுகிறது. 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்ற மலேசியக் குழுவின் தற்காப்பில் நின்றவர்களுள் எம். சந்திரனும் சோ சின் ஆனும் குறிப்பிடத்தக்கவர்கள். சோ சின் ஆன் 1969 முதல் 1984 வரை நாட்டிற்காக ஆடியவர். அனைத்துலக ஆட்டங்கள் நூற்றுத் தொண்ணூறுக்கும் மேல் கண்டவர். பின்வரிசையில் நின்றவாறே குழு முழுவதையும் இயக்கியவராதலால் இரசிகர்கள் அவரைத் 'தவுக்கே' என்று அழைத்தனர். அவருடன் தோளோடு தோள் நின்றவர் சந்தோக் சிங். இவ்விருவருக்கும் பின்னால், நீண்ட கைகளை விரித்துக் கோல் காத்தவர் ஆர். ஆறுமுகம். 'ஸ்பைடர்மேன்' என்னும் பட்டப்பெயரைப் பெற்றிருந்த அவர் 1988-இல் சாலை விபத்தில் காலமானார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கும் மலேசியா தகுதி பெற்றது. அரசியல் காரணத்தால் பங்கேற்கவில்லை. மொக்தார் டஹாரி போட்ட கோல்களை எல்லாரும் நினைவில் வைத்திருக்கின்றனர். பின்னால் நின்ற இம்மூவரும் புகவிடாது தடுத்த கோல்களுக்குக் கணக்கு எழுதுவார் இல்லை.

முதலில் சில விதிகள்

முழு அளவுத் திடலின் நீளம் 90 முதல் 120 மீட்டர் வரையிலும், அகலம் 45 முதல் 90 மீட்டர் வரையிலும் இருக்கலாம். கோல் கம்பங்களின் இடைவெளி 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். ஒரு பக்கத்திற்குப் பதினொருவர், ஆட்ட நேரம் பாதிக்கு 45 நிமிடமாக மொத்தம் 90 நிமிடம். சிறுவர்க்கு இவை யாவும் குறைக்கப்படுகின்றன. எழுவர் ஆட்டமும் சிறிய கோலும் நான்காம் எண் பந்துமே பத்து வயதுப் பிள்ளைக்குப் பொருந்தும். பெரியவர்களின் பந்தைச் சிறுவர்க்குக் கொடுப்பது, தந்தையின் காலணியை மகனுக்கு மாட்டிவிட்டு ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

கோல் கோட்டிலிருந்து 16.5 மீட்டர் வரை விரிவது பெனால்டிக் கட்டம். தற்காப்பாளன் தன் வீட்டு வாசலைப் போல் அறிந்திருக்க வேண்டிய இடம் இது. பல தோட்டத் திடல்களில் சுண்ணாம்புக் கோடு முதல் மழையிலேயே அழிந்துபோகும். ஆகவே, ஆட்டம் தொடங்குமுன் கோல் கோட்டிலிருந்து நடந்து, கட்டம் எங்கே முடிகிறது என்பதைப் பிள்ளைகள் தாமே அளந்து பார்த்துக்கொள்வது நலம்.

கோடும் திடலைச் சேர்ந்ததே. பந்து முழுவதும் கோட்டைக் கடந்தால்தான் அது வெளியே சென்றதாகும். கோலுக்கும் இதுவே விதி. பந்தின் விளிம்பு கோட்டின்மேல் இருக்கும்போதே கையைத் தூக்கி நிற்கும் சிறுவர்களால் விழுந்த கோல்கள் பல. நடுவர் ஊதும் வரை ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

பக்கக் கோட்டைக் கடந்த பந்தைக் கையால் எறிய வேண்டும். எறிபவரின் இரு பாதங்களும் தரையில், கோட்டின் மீதோ வெளியிலோ பதிந்திருக்க வேண்டும். பந்தை இரு கைகளாலும் பிடித்துத் தலைக்குப் பின்னிருந்து தலைக்கு மேலாக எறிதல் வேண்டும். தாக்குபவரின் காலில் கடைசியாகப் பட்டுக் கோல் கோட்டைத் தாண்டினால் கோல் உதை. தற்காப்பாளரிடம் பட்டுத் தாண்டினால் மூலை உதை. நெருக்கடியில் பந்தை மூலைக்கு வெளியேற்றுவதைவிடப் பக்கவாட்டில் வெளியேற்றுவது மேல் என்பதை இதிலிருந்து உணரலாம்.

கோல் காவலர்க்குப் பந்தைத் திருப்பி அனுப்புவதில் முன்னாள் ஆட்டக்காரர் பலர் இன்றும் தவறாக வழிகாட்டுகின்றனர். அவர்கள் ஆடிய காலத்தில் தற்காப்பாளர் பந்தை உதைத்துத் திருப்பி அனுப்ப, கோல் காவலர் அதைக் கையால் எடுத்துக்கொள்வார். 1992-இல் இவ்விதி மாறியது. தன் குழுவினர் வேண்டுமென்றே காலால் உதைத்தனுப்பிய பந்தைக் கோல் காவலர் கையால் தொடலாகாது. தொட்டால், எதிரணிக்கு நேரடியாகக் கோல் போட முடியாத சுதந்திர உதை கிடைக்கும். தலையாலோ மார்பாலோ அனுப்பிய பந்தைக் கையால் எடுக்கலாம். ஆனால் விதியை ஏமாற்றும் தந்திரமாக அது இருத்தலாகாது.

ஆப்சைட் என்னும் புதிர்

தோட்டத் திடல்களில் மிகுதியான சச்சரவை விளைவிப்பது ஆப்சைட் விதியே. ஒரு முறை பொறுமையாகப் படித்துவிட்டால் அது அத்துணைக் கடினமன்று.

ஒருவன் தன் குழுவினர் பந்தை அனுப்பும் அந்தக் கணத்தில் எங்கே நிற்கிறான் என்பதே கேள்வி. அவன் எதிரணியின் பாதித் திடலில் இருக்க வேண்டும்; பந்தைவிடக் கோல் கோட்டிற்கு அருகில் இருக்க வேண்டும்; எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளையும் தாண்டி நிற்க வேண்டும். இவை அனைத்தும் சேர்ந்தால்தான் அவன் ஆப்சைட் இடத்தில் உள்ளான். வழக்கமாகக் கடைசி ஆள் கோல் காவலராக இருப்பதால், இரண்டாவது ஆள் தற்காப்பு வரிசையில் மிகப் பின்னால் நிற்பவராவார். அவ்விடத்தில் நிற்பது மட்டுமே குற்றமாகாது; பந்தை ஆடினாலோ எதிரிக்கு இடையூறு செய்தாலோதான் குற்றம். கையெறி, கோல் உதை, மூலை உதை இவற்றிலிருந்து நேராக வரும் பந்திற்கு ஆப்சைட் இல்லை.

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். நமது பின்வரிசையினர் மூவர் பெனால்டிக் கட்டத்தின் விளிம்பில் வரிசையாக நிற்கின்றனர். நாலாமவன் மட்டும் பயத்தால் கோல் காவலரின் அருகே ஒட்டிக்கொண்டு நிற்கிறான். எதிரணியின் முன்வரிசைக்காரன் மூவரையும் தாண்டி நிற்கிறான். அவனுக்குப் பந்து வருகிறது. மூவரும் கையைத் தூக்குகின்றனர். நடுவர் ஊதவில்லை, கோல்! ஏனெனில் நாலாமவன் அங்கே நிற்பதால் முன்வரிசைக்காரன் ஆப்சைட் இடத்தில் இல்லை. தோட்டத்து ஆட்டங்களில் நாம் அடிக்கடி கண்ட காட்சி இது. பின்வரிசை ஒன்றாக முன்னேறி, ஒன்றாகப் பின்வாங்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. நடுவில் நிற்பவன் குரல் கொடுக்க, மற்றவர் அக்குரலுக்கு நகர வேண்டும்.

இங்கும் தாத்தாவுக்கும் பேரனுக்கும் வழக்கு உண்டு. தாக்குபவன் அந்த இரண்டாவது ஆளுக்குச் சமமாக, ஒரே கோட்டில் நின்றால் என்ன? ஆப்சைட் என்பார் தாத்தா. இல்லை என்பான் பேரன். இருவரும் தத்தம் காலத்து விதியைச் சரியாகவே கூறுகின்றனர். 1990-க்கு முன் அது ஆப்சைட். அவ்வாண்டு முதல் அது குற்றமன்று.

எது குற்றம்?

எதிரியை உதைப்பது, இடறி விழச் செய்வது, தள்ளுவது, சட்டையைப் பிடித்து இழுப்பது, அடிப்பது, அவர்மேல் பாய்வது ஆகியவை நேரடிச் சுதந்திர உதைக்குரிய குற்றங்கள். வேண்டுமென்றே பந்தைக் கையால் தடுப்பதும், கையை விரித்து உடலை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கி நிற்கையில் பந்து கையில் படுவதும் அவ்வாறே. தற்காப்பாளர் இக்குற்றத்தைத் தம் பெனால்டிக் கட்டத்தினுள் செய்தால், 11 மீட்டர் தூரத்திலிருந்து பெனால்டி உதை. பந்து அவ்வேளை எங்கிருந்தாலும், குற்றம் நிகழ்ந்த இடமே கணக்கு.

"நான் பந்தைத்தான் தொட்டேன்" என்று நடுவரிடம் வாதிடாத சிறுவன் இல்லை. இந்த வாதத்தால் பயனில்லை. பந்தை முதலில் தொட்டிருந்தாலும், அதே வேகத்தில் எதிரியின் காலை வாரிவிட்டால் அது குற்றமே. கவனக் குறைவாக மோதினால் சுதந்திர உதை. எதிரிக்கு நேரும் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் மோதினால் மஞ்சள் அட்டை. மிகையான பலத்துடன், காயம் விளைவிக்கும் வகையில் மோதினால் சிவப்பு அட்டை. ஒரே ஆட்டத்தில் இரண்டாவது மஞ்சள் அட்டை சிவப்பாகும். சிவப்பு அட்டை பெற்றவருக்கு மாற்றாக வேறொருவர் இறங்க இயலாது. எஞ்சிய நேரம் முழுவதும் குழு ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும்.

தோளோடு தோள் உரசிப் பந்துக்குப் போட்டியிடுவது குற்றமன்று. பந்து ஆடும் தூரத்தில் இருக்க வேண்டும், கை உடலோடு ஒட்டியிருக்க வேண்டும், பலம் மிகையாகாதிருக்க வேண்டும். முதுகில் மோதுவது ஒரு நாளும் தோளாகாது.

பாய்வதற்கு முன்

இனித் தற்காப்பின் திறனுக்கு வருவோம். பந்தைப் பறிப்பதே தற்காப்பு என்று இளைஞர் எண்ணுகின்றனர். பறிப்பது கடைசி வேலை. அதற்குமுன் செய்ய வேண்டியவை பல. அவற்றைச் சரிவரச் செய்தவனுக்குப் பல வேளைகளில் பறிக்க வேண்டிய தேவையே எழாது.

பந்து எதிரியை நோக்கிப் பயணம் செய்துகொண்டிருக்கும் நேரமே நமக்கு உரிய நேரம். அப்பொழுது விரைந்து ஓட வேண்டும். பந்து அவன் காலை அடைந்ததும் ஓட்டத்தைக் குறைத்துச் சிறு அடிகளாக வைக்க வேண்டும். ஓடிவந்த வேகத்திலேயே அவன்மேல் விழச் செல்பவனை எதிரி மிக எளிதாக ஏமாற்றிவிடுவான். பந்தை ஒரு முழம் அப்பால் தள்ளினால் போதும். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், அதாவது கை நீட்டினால் எட்டாத தூரத்தில் நின்றுவிட வேண்டும்.

நிற்கும் நிலையும் முக்கியம். இரு பாதங்களையும் ஒரே கோட்டில் வைத்து, மார்பை நிமிர்த்தி நேராக நிற்பவன் எப்பக்கமும் விரைந்து திரும்ப முடியாது. கால்களுக்கிடையே பந்தும் போய்விடும். ஒரு காலை முன்னும் மற்றதைச் சற்றுப் பின்னும் வைத்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கி, குதிகாலில் பாரம் ஏற்றாமல் விரல்களின் மேல் நிற்க வேண்டும். மரத்தின் அடியில் குனிந்து சீவுபவர் எவ்வாறு கால்களை வைத்து நிற்கிறார் என்பதை நம் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கின்றனர். ஏறக்குறைய அதே நிலைதான்.

உடலை எப்பக்கம் திருப்புவது? கோலுக்குச் செல்லும் வழியை மூடி, பக்கக் கோட்டை நோக்கிய வழியைத் திறந்துவிடும் வகையில் திருப்ப வேண்டும். எதிரி திறந்த வழியில்தான் செல்வான். ஓரத்திற்குச் சென்றபின் அவனுக்கு ஒரு பக்கம் நாம், மறுபக்கம் கோடு. கோட்டைத் தாண்டினால் பந்து நமக்கு. அடிக்க வேண்டியதும் இல்லை. பாய வேண்டியதும் இல்லை.

அதன்பின் காத்திருத்தல். இதுவே மிகக் கடினமானது. எதிரி பந்தை உருட்டி வரும்போது நாம் அதே தூரத்தைக் காத்துப் பின்வாங்கிக்கொண்டே செல்ல வேண்டும். அவன் தோளை அசைப்பான், காலைப் பந்தின்மேல் வீசுவான். அவற்றைப் பார்க்கலாகாது, கண் பந்தின் மேலேயே இருக்க வேண்டும். தோளும் இடுப்பும் பொய் சொல்லலாம். பந்து பொய் சொல்லாது. நாம் தாமதப்படுத்தும் ஒவ்வொரு வினாடியும் நமது குழுவினர் இருவர் மூவர் உதவிக்கு வந்து சேரும் நேரமாகும். திடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது கோழைத்தனமாகத் தோன்றும். "என்னடா பின்னாலேயே போறே!" என்பார்கள். செவிகொடுக்க வேண்டாம்.

1970 உலகக் கிண்ணப் போட்டியில், மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் பிரேசிலும் இங்கிலாந்தும் மோதின. பிரேசிலின் ஜைர்சின்யோ மிகுந்த வேகத்துடன் பந்தை உருட்டி வந்தபோது, இங்கிலாந்தின் தலைவர் பாபி மூர் அவரை எதிர்கொண்டார். மூர் வேகமான ஓட்டக்காரர் அல்லர். அதை அவரே அறிவார். பின்வாங்கினார், மேலும் பின்வாங்கினார், பெனால்டிக் கட்டத்தினுள்ளேயே வந்துவிட்டனர். சிறு பிழை நேர்ந்தாலும் பெனால்டி. ஜைர்சின்யோ உள்ளே திரும்பிய கணத்தில் மூரின் கால் நீண்டது. பந்தை மட்டும் எடுத்துக்கொண்டது. எழுந்து, பந்தோடு நடந்து சென்றார். அவ்வாட்டத்தில் பிரேசில் ஒரு கோலில் வென்றது. அந்தக் கோலைப் போட்டவரும் ஜைர்சின்யோவே. எனினும், ஐம்பதாண்டுகளுக்குப் பிறகும் தற்காப்பைக் கற்பிப்போர் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சியாக மூரின் அந்த ஒரு தடுப்பு விளங்குகிறது.

எப்பொழுது பறிப்பது? பந்து எதிரியின் காலை விட்டுச் சற்று விலகும் கணம் ஒன்று வரும். நீளமாகத் தட்டிவிடுவான், அல்லது பந்தை அடக்க முயன்று நழுவவிடுவான், அல்லது திரும்பும்போது முதுகைக் காட்டித் தடுமாறுவான். அந்தக் கணமே நமக்குரியது. நிற்கும் காலைப் பந்தின் அருகே ஊன்றி, மற்றக் காலின் உட்புறத்தைப் பந்தின் நடுவில் உறுதியாக வைக்க வேண்டும். கணுக்கால் தளரலாகாது, தளர்ந்தால் அடி நமக்கே. கத்தி ஆழப் பதிந்தால் மரத்திற்குக் காயம், மேலோடு சென்றால் பால் இல்லை என்பதை நம் பெற்றோர் அறிவர். பந்தைப் பறிப்பதிலும் அந்த அளவுதான் வேண்டும்.

சறுக்கிப் பறிப்பதைத் தொலைக்காட்சியில் கண்டு நம் சிறுவர் பெரிதும் விரும்புகின்றனர். தொடக்க நிலையினருக்கு அது வேண்டாம் என்பதே நம் கருத்து. சறுக்கியவன் தரையில் கிடக்கிறான். பந்து கிட்டாவிட்டால் குழுவிற்கு அவன் அவ்வேளை இல்லாதவனே. செம்மண்ணும் சரளையும் கலந்த திடலில் தொடைத் தோல் உரிந்து, புண் ஆற வாரக் கணக்காகும். பள்ளிக்கூடத்தில் உட்கார முடியாது தவித்த பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம்.

ஒருவன் பந்தை எதிர்கொள்ளும்போது இரண்டாமவன் என்ன செய்வது? இருவரும் ஒரே பந்தை நோக்கி ஓடினால் இருவரும் ஒருசேர ஏமாறுவர். இரண்டாமவன் சில மீட்டர் பின்னால், சற்றுச் சாய்வாக, கோலின் பக்கம் நிற்க வேண்டும். முதலாமவன் தோற்றால் எதிரி நேராக இவனிடம் வருவான். சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் நெடுங்காலம் இணைந்து ஆடியதன் பயன் இதிலேதான் இருந்தது. இரண்டாமவனுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு: பேசுவது. "நான் இருக்கேன்", "ஓரத்துக்குத் தள்ளு", "பின்னால ஆள் வர்றான்" என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு நிற்கும் பின்வரிசை, பாதிப் பின்வரிசையே.

திடலில் செய்து பாருங்கள்

இவற்றிற்குச் செலவு ஏதும் இல்லை. நான்கு சிலிப்பர்களை நட்டு, பத்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கட்டத்தை அமைத்துக்கொள்ளலாம். ஒருவன் பந்தை உருட்டிக்கொண்டு மறுகோட்டை அடைய வேண்டும். மற்றவன் தடுக்க வேண்டும். முதல் நாள் தடுப்பவனின் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்; பந்தைப் பறிக்கவும் கூடாது. பத்து வினாடி தாமதப்படுத்தினாலே அவனுக்கு வெற்றி. சிறுவர்கள் முதலில் சலித்துக்கொள்வர். பாய்ந்துவிடும் பழக்கம் இந்த ஒரு விளையாட்டால்தான் அடங்குகிறது. பின்னர்ப் பறிக்க அனுமதிக்கலாம். அடுத்து இருவர்க்கு இருவர் எனப் பெருக்கி, துணை நிற்பதையும் குரல் கொடுப்பதையும் பழக்கலாம். பெண் பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கிப் போடும் வேலையை மட்டும் அவர்களுக்குக் கொடுப்பது இனியும் தகாது.

வெறுங்காலோடு ஆடுவதாயின் எல்லாரும் வெறுங்காலோடு ஆட வேண்டும். ஆணி வைத்த காலணி அணிந்தவனும் வெறுங்காலுடன் இருப்பவனும் ஒரே பந்துக்குக் காலை நீட்டினால் விளைவை நாம் சொல்ல வேண்டியதில்லை. போட்டி ஆட்டத்தில் காலணியும் முன்னங்கால் காப்பும் விதிப்படி கட்டாயம். முன்னங்கால் காப்பைக் காலுறைக்குள் அணிய வேண்டும். ஒரு குடும்பத்தால் வாங்க இயலாவிட்டால் குழுவே பொதுவில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கோப்பைக்குச் செலவிடும் பணத்தில் இதை முதலில் செய்க.

தலையால் முட்டுவதைச் சிறு பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டாம். இங்கிலாந்தின் காற்பந்துச் சங்கம் 2020-இல், தொடக்கப் பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவதைக் கற்பிக்கலாகாது என அறிவுறுத்தியது. மூளை நலத்தைக் கருதியே இந்த முடிவு. மேலும், பிற்பகலில் இடி முழங்கினால் அக்கணமே ஆட்டத்தை நிறுத்தி, கூரையுள்ள கட்டடத்திற்குள் செல்ல வேண்டும். மரத்தடி பாதுகாப்பன்று; வெட்டவெளியில் நிற்கும் கோல் கம்பமும் அன்று.

திடலோரத்தில் இருப்பவர்களுக்கு

பெற்றோரிடம் நாம் வேண்டுவது ஒன்று உண்டு. எதிரியின் முன் நிற்கும் பிள்ளைக்குக் கண் பந்தில் இருக்க வேண்டும்; காதில் குழுவினரின் குரல் கேட்க வேண்டும். நாம் எழுப்பும் கூச்சல் அவ்விரண்டையும் கெடுக்கிறது. நம் பையன் அன்று பாய்வதற்குமுன் திரும்பிப் பார்த்தானே, அந்த ஒரு கணத்தில்தான் எதிரி பந்தைத் தட்டிவிட்டான். "அடி" என்பதைவிட "நில்லு, பொறு" என்பது நல்ல சொல். அதையும் பயிற்சியாளரே சொல்லட்டும்.

அந்தப் பெரியவர் மறுவாரமே நான்கு சிலிப்பர்களுடன் திடலுக்கு வந்தார் என அறிந்தோம். 'பேக்' ஆட மாட்டேன் என்று அடம்பிடித்த பையனை முதல் இரு வாரங்கள் பார்க்க மட்டும் அழைத்தாராம். அடிபட்ட சிறுவனின் வீட்டிற்கும் அவனை உடன் அழைத்துச் சென்றிருக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து, அதே இரு தோட்டங்களும் மீண்டும் மோதியபோது நாமும் சென்றிருந்தோம். கால் தேறிய சிறுவன் அதே ஓரத்தில் பந்தை உருட்டி வந்தான். நம் பையன் எதிரே ஓடினான்; நின்றான்; பக்கவாட்டில் திரும்பினான்; பின்வாங்கினான். பெனால்டிக் கட்டத்தின் விளிம்பு வரை இருவரும் அவ்வாறே வந்தனர். வந்தவன் ஓரத்திற்கு விலகி, பந்தைச் சற்று நீளமாகத் தட்டினான். நம் பையன் காலின் உட்புறத்தால் அதைத் தொட்டான். பந்து மெல்ல உருண்டு பக்கக் கோட்டைக் கடந்தது. கையெறி எதிரணிக்கு.

கூட்டத்தில் எவரும் கைதட்டவில்லை. பலர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கோட்டின் ஓரத்தில் நின்ற பெரியவர் பந்தை எடுத்து எதிரணிச் சிறுவனிடம் கொடுத்தார். பிறகு நம் பையனைப் பார்த்து, "சரி தம்பி, ஆளப் பிடி, எறியப் போறான்" என்றார்.